மலைக்கு உடுத்திப் போன சுடிதார்

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு மேடு என்றால் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்புதான். அதிலும் யாரும் ஏற விடமாட்டார்கள். அப்படிப்பட்ட நான் ஐம்பது வயதில், வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சுடிதார் போட்டுக்கொண்டு, ஓசூர் பக்கத்தில் ஒரு பாறை மலை ஏறினேன். ஏறியதுகூடப் பெரிதில்லை. எதற்காக ஏறினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் மகள் பிரின்சி ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். மத்திகிரியில் வாடகை வீடு. ஒருநாள் போன் செய்தவள், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். "அம்மா, உனக்கு ஒருத்தரைக் காட்டணும். பேரு மஞ்சுநாத். தளிக்காரர். ரோஜாத் தோட்டம் வச்சிருக்காங்க. வீட்டுல கன்னடம் பேசுவாங்க. நம்ம வேதம் இல்ல, இந்து." கடைசி வாக்கியத்தை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னார்: "நான் போனா சத்தம் போடுவேன். நீ போய்ப் பாத்துட்டு வா. சரிப்படாதுன்னு தோணுச்சுன்னா அங்கேயே சொல்லிட்டு வந்துரு."

இப்படி முழு அதிகாரத்தோடு கிளம்பி வந்தேன்.

சனிக்கிழமை காலை ஓசூரில் இறங்கினால் குளிர். எங்கள் ஊரில் டிசம்பரில்கூட இப்படிக் காது சில்லிடாது. கூட்டிப்போக வந்த பிரின்சியும் நானும் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்தோம். டீ மாஸ்டர் என்னிடம் தமிழில் கேட்டார், பக்கத்தில் நின்றவரிடம் கன்னடத்தில் கேட்டார், காய்கறி மூட்டையோடு வந்தவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மூன்று பேருக்கும் ஒரே டீதான்.

"எங்க வச்சுப் பாக்கணும் அந்தப் பையனை? ஓட்டலா?" என்று கேட்டேன்.

"ஓட்டல்ல உக்காந்து பாத்தா எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரிவாங்க" என்றாள் பிரின்சி. "நாளைக்கு லீவு. நானும் அவரும் சூளகிரி பக்கம் மலைக்குப் போறதா இருக்கோம். நீயும் வா. காலைல ஏறி சாயங்காலம் எறங்கிரலாம்."

எனக்கு அது பிடித்திருந்தது. படகில் கூடப் போனால்தான் ஆள் தெரியும் என்று என் அப்பா சொல்வார். மலையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மத்தியானம் கடைவீதியில் ஷூ வாங்கப் போனோம். "வாக்கிங் போகவாம்மா?" என்றார் கடைக்காரர். "மலைக்கு" என்றதும் என் சேலையையும் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். கையில் எடுத்த ஷூவை உள்ளே வைத்துவிட்டார்.

"இது வாணாங்க. அடி வழவழன்னு இருக்குது. பாறையில வழுக்கும். இதப் போட்டுப் பாருங்க." அடியில் ஆழமான கோடுகள் போட்ட ஒரு ஷூவைத் தந்தார். என் அளவுக்குச் சரியாக இருந்தது. அதையும் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஒரு சைஸ் பெருசு போடுங்க. தடியா சாக்ஸ் மாட்டுங்க. ஏறும்போது தெரியாது. எறங்கும்போது விரல் முன்னாடி போய் இடிச்சு நெகம் கறுத்துடும்."

பிரின்சி தன் கம்பெனி ஷூவையே போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ. "மிஷின் கால்ல விழுந்தா அது காப்பாத்தும். மலையில அது உங்கள கீழ இழுக்கும்" என்றார் கடைக்காரர். அவளுக்கும் ஒரு ஜோடி வாங்கினோம்.

உடைதான் பெரிய சண்டை. சேலையில்தான் வருவேன் என்றேன். "சேலையோட நான் படகுல ஏறி எறங்கியிருக்கேன்."

"பாறையில உக்காந்து, கையை ஊனி, காலை அகட்டி வச்சு ஏறணும். அப்ப தெரியும்" என்று தன் சுடிதாரை நீட்டினாள். சந்தன நிறம், பருத்தி, முழுக்கை. போட்டுக் கண்ணாடியில் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர் மாதிரி இருந்தேன். மொட்டைமாடியில் நாலு நடை நடந்து பார்த்தேன். காற்று காலுக்கு நடுவே போய் வந்தது. சுகமாகத்தான் இருந்தது, ஆனால் அவளிடம் சொல்லவில்லை. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினால் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவேன் என்று மட்டும் சொன்னேன்.

சர்ச்சில் சாயங்காலப் பூசைக்குப் போய்விட்டு வந்து பையைக் கட்டினேன். தண்ணீர் பாட்டில்கள், எலுமிச்சை, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், புளிசாதம், அவித்த முட்டை, கருவாட்டுத் துவையல், ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன், பெரிய துண்டு, கட்டுத் துணி, குடை, உட்கார்ந்து சாப்பிட ஒரு தடித்த பருத்திப் போர்வை.

"அம்மா, மலைக்குப் போறோம். வீடு மாத்தலை" என்றாள் பிரின்சி.

"தோள் என்னோடதுதான?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, முந்தின நாள் சர்ச் வாசலில் வாங்கிய மல்லிகையைத் தலை நிறைய வைத்துக்கொண்டேன். சுடிதார் போட்டாலும் நான் நான்தான் என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

நாங்கள் ஏறிய கிருஷ்ணகிரி பஸ் சூளகிரிக்குள் போகாது என்பதைப் பாதி வழியில்தான் கண்டக்டர் சொன்னார். மேம்பாலத்தைத் தாண்டி இறக்கிவிட்டார். லாரிகள் எங்களை உரசாத குறையாகப் போக, நெடுஞ்சாலை ஓரமாகவே திரும்பி நடந்தோம். புது ஷூவுக்கு அதுதான் முதல் பரீட்சை. கடிக்கவில்லை.

மஞ்சுநாத் பைக்கோடு நின்றிருந்தான். ஒல்லி, நல்ல உயரம். வெளுத்துப்போன வெள்ளை முழுக்கைச் சட்டை, காலில் பழைய செருப்பு, முதுகில் குழந்தைகள் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் அளவில் ஒரு பை. "வணக்கங்கம்மா" என்றான். பிறகு என் தலையைப் பார்த்தான். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. தலையில இருக்கற பூவை எடுத்துடணுங்க."

மருமகனாக வரப்போகிறேன் என்று நிற்பவன் மாமியாரிடம் வணக்கத்துக்கு அடுத்து சொன்ன முதல் வார்த்தை அது. பிரின்சியின் முகம் செத்துப்போயிற்று.

"எங்க ஊருல புருஷன் இருக்கிறவகிட்ட யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

"எங்க ஊர்லயும் சொல்ல மாட்டாங்க" என்றான். குரல் உயரவில்லை, குழையவும் இல்லை. "மேல பாறையில மலைத்தேனீ இருக்குதுங்க. பெரிய பெரிய கூடு. வாசனையும் கறுப்பு நெறமும் அதுங்களுக்கு ஆகாது. பிரின்சி, நீயும் அந்தக் கறுப்புத் துப்பட்டாவைக் கழட்டி வண்டியில வை."

நின்று யோசித்தேன். பிறகு பூவை எடுத்து அவன் வண்டிக் கண்ணாடியில் மாட்டினேன். காரணம் சரிதான். ஆனாலும் மனதுக்குள் ஒரு மார்க்கைக் குறைத்துக்கொண்டேன்.

என் பையைப் பார்த்து, "எத்தனை நாளைக்குங்க?" என்றான். அதற்கு இன்னும் அரை மார்க் குறைத்தேன்.

மலை நேராக ஏறவில்லை. முதலில் முள்ளும் புல்லுமாக ஒரு தடம், பிறகு யானை முதுகு மாதிரி வழவழவென்று பாறை. நான்கு காலில் ஏறும் இடங்களில் சேலையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஷூ பாறையைப் பல்லி போலப் பிடித்தது. மஞ்சுநாத்துக்குத்தான் பாதியிலேயே செருப்பு வார் அறுந்தது. பேசாமல் என் பையிலிருந்து கட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தேன். செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, "பை பெருசா இருந்தாலும் நல்லதுதாங்க" என்றான். அதன்பின் பையை அவனே தூக்கிக்கொண்டான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, நிழல் தந்த ஒரு பாறையடியில் போர்வையை விரித்தோம். கீழே கம்பெனிகளின் நீலத் தகரக் கூரைகள், அவற்றுக்கு நடுவில் தக்காளித் தோட்டங்கள், பூச்செடிக்குப் போட்ட வெள்ளைக் கூடாரங்கள். கடலைப் போலவே பார்வை முட்டாமல் போனது. காற்றில் உப்பு மட்டும் இல்லை.

கருவாட்டுத் துவையலை அவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். இதுதான் சமயம் என்று நானும் கேட்டேன்.

"கல்யாணம் எங்க வச்சு? கோயில்லயா, சர்ச்சுலயா?"

"ரெண்டு எடத்துலயும் நிக்கறேங்க. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல."

"உங்க அம்மா என்ன சொன்னாங்க?"

கையில் இருந்த உருண்டையை இலையில் வைத்தான். "அம்மாகிட்ட இன்னும் சொல்லலைங்க."

பிரின்சி என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது. பெற்றவளிடம் வாய் திறக்காதவன், என் மகளை எந்தத் தைரியத்தில் கூட்டிக்கொண்டு போவான்? வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாக்கியத்தைக்கூட மனதில் கோத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. விர்ர்ரென்று, தலைக்கு மேல்.

எங்களுக்கு மேலே பெங்களூர்ப் பையன்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அரைக்கால் சட்டை, கறுப்புப் பனியன். ஒருவன் கையில் ரிமோட். டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். அது பாறை முகப்பை ஒட்டிப் போனது. அங்கேதான் கறுப்புப் பலகைகள் போல அந்தக் கூடுகள் தொங்கின.

மஞ்சுநாத் எழுந்து நின்று கன்னடத்தில் கத்தினான். "அங்க போக வேண்டாம், திருப்பு, திருப்பு" என்கிறான் என்பது மொழி தெரியாத எனக்கே புரிந்தது. அந்தப் பையன் கை ஆட்டினான். அடுத்த நொடி ஒரு கூடு அப்படியே கலைந்து புகை போல எழும்பியது.

"படுங்க! மூடிக்குங்க!"

சாப்பாட்டோடு போர்வையை உருவி மூவர் தலையிலும் இழுத்தேன். முட்டைகள் பாறையில் உருண்டு போயின. முழங்காலை மடக்கிக் குப்புறப் படுத்து, ஓரங்களைக் கையாலும் முட்டியாலும் அழுத்திக்கொண்டோம். கல்லுப்பை வாரி எறிவது போலத் தேனீக்கள் போர்வைமேல் வந்து விழுந்தன.

வெளியே ஒரு குரல். "அம்மா, அம்மா" என்று. அந்த வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஓரத்தைத் துளி தூக்கிப் பார்த்தேன். இரண்டு பையன்கள் கீழே ஓடிவிட்டார்கள். ரிமோட் வைத்திருந்தவன் மட்டும் இரண்டு கையாலும் காற்றை அடித்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றினான். அடிக்க அடிக்க அவன்மேல் இன்னும் மொய்த்தன. நாலு எட்டு வைத்தால் பாறை விளிம்பு.

மஞ்சுநாத் என் துண்டை எடுத்துத் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொண்டான். "ஓரத்த விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

பிரின்சி பின்னாலேயே எழுந்தாள். என் கால் முழுவதையும் அவள் முதுகில் போட்டு அழுத்தினேன். "அசையாமக் கெடட்டி!" என்றேன். அவள் அழுதாள், திமிறினாள், என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை. சற்று முன்பு வேண்டாம் என்று முடிவு செய்த பையன் திரும்பி வரவேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன்.

போர்வை தூக்கப்பட்டது. அந்தப் பையனை உள்ளே தள்ளினான். பிறகு ஓரத்தை இழுத்து எங்களை மூடிவிட்டு, தான் வெளியிலேயே சுருண்டு படுத்தான். இடம் போதாது என்று நினைத்திருக்கிறான்.

"உள்ள வாடா!" என்று சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். நாலு பேரும் ஒரே போர்வைக்குள், ஒருவர்மேல் ஒருவர், அசையாமல் கிடந்தோம். சுடிதார் ஏறிப்போயிருந்த கணுக்காலில் எனக்கும் ஒன்று கொட்டியது. தீக்கம்பி வைத்தது போல இருந்தது. எனக்கு ஒன்று. அவர்களுக்கு எத்தனையோ.

சத்தம் அடங்கியபின் மெதுவாக எழுந்தோம். வெள்ளைச் சட்டைக்கு வெளியே இருந்த கையும் கழுத்தும் மஞ்சுநாத்துக்கு வீங்கின. துண்டு விலகிய இடத்தில் முகமும் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. பெங்களூர்ப் பையனுக்கோ காலும் கையும் முகமும் எல்லாம் திறந்து கிடந்ததே. கிரண் என்று பேர் சொன்னான். உதடு தடித்துப் பேச்சு குழறியது.

கடற்கரையில் சொறிமீன் பட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதறினால் ஒன்றும் நடக்காது. கொடுக்கைப் பிடுங்க வேண்டாம், சுரண்டி எடுங்கள் என்றான் மஞ்சுநாத். பிரின்சி தன் கம்பெனி அடையாள அட்டையின் ஓரத்தால் கிரணின் கழுத்தில் சுரண்ட, நான் அவன் விரல் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றினேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

அவன் நண்பன் ஒருவன் அழுதுகொண்டே திரும்பி வந்தான். அவனும் மஞ்சுநாத்தும் கிரணைத் தோளில் தாங்கினார்கள். ஒற்றைக் கண்ணோடு இறங்குபவனுக்குப் பாறையின் ஆழம் தெரியாது. அதனால் நான் முன்னால் போனேன். "இடது கால் கீழ. இன்னும் கீழ. இப்ப உக்காந்து எறங்கு." ஊரில் கரையில் நின்று படகுக்குக் குரல் கொடுக்கிற அதே தொண்டை. ஒரு இடத்திலும் யாரும் சறுக்கவில்லை.

அடிவாரத்தில் தக்காளிப் பெட்டி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு குட்டியானை வண்டிக்காரர், கேள்வி கேட்காமல் பின்கதவைத் திறந்தார். அரசு மருத்துவமனையில் உடனே ஊசி போட்டு, கிரணுக்கு ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். "நல்லவேளை, சீக்கிரம் கொண்டுவந்தீங்க" என்றார் டாக்டர் அம்மா. சாயங்காலம் அவன் கண்ணைத் திறந்து, மஞ்சுநாத்தின் கையைப் பிடித்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று பிரின்சியிடம் கேட்டேன். "நீங்க கத்துனது எனக்குக் கேட்டுச்சு. ஆனா நான் சிரிச்சேன்" என்றானாம்.

மஞ்சுநாத்தை இரவு வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை பிரின்சி லீவு போட்டாள். "போன்ல விசாரிச்சுக்கலாம்" என்றாள். "வீட்டுக்குப் போறோம்" என்றேன். நான் சேலை கட்டிக்கொண்டேன்.

தளி பஸ்ஸில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனோம். மேலே போகப்போகக் குளிர். ரோஜா வரிசைகளின் கடைசியில் அவர்கள் வீடு. வாசலுக்கு வந்த அம்மாவின் பெயர் ஜெயம்மா. என் வயதுதான் இருக்கும்.

"யாருங்க?"

"நேத்து மலையில உங்க மகன்கூட இருந்தவங்க."

"எந்த மலை? கூடாரத்துல குளவி கொட்டுச்சுன்னுதானே சொன்னான்?"

பின்னால் வந்து நின்றான் மஞ்சுநாத். முகம் களி உருண்டை மாதிரி இருந்தது. தரையைப் பார்த்தான்.

நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். புரியாத இடங்களில் பிரின்சி கன்னடத்தில் எடுத்துக் கொடுத்தாள். துண்டைச் சுற்றிக்கொண்டு அவன் வெளியே போன இடம் வந்ததும் ஜெயம்மா மகன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு அந்த வீங்கிய கையைத் தூக்கிப் பார்த்து அழுதார். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சரி. இந்தப் பொண்ணு ஏன் அவன்கூட மலைக்கு வந்தா?"

மஞ்சுநாத் தலையைத் தூக்கினான். இந்த முறை அவன்தான் பேசினான், கன்னடத்தில், நிறுத்தாமல். எனக்கு அதில் பிரின்சியின் பேரும், கல்யாணத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையும் மட்டும் புரிந்தன.

ஜெயம்மா எழுந்து உள்ளே போனார். பாத்திரங்கள் உருண்டன. பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலிருந்தே கோபம் எவ்வளவு என்று நானும் சொல்லிவிடுவேன். போய்விடலாமா என்று பிரின்சி கண்ணால் கேட்டாள். உட்காரு என்று கண்ணாலேயே சொன்னேன்.

தட்டுகளோடு வந்தார். சூடான ராகிக் களி, கீரைச் சாறு. என் முன்னால் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும். கோபமா இருக்காரு."

"எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா அவரும் கோபமாத்தான் இருந்திருப்பாரு. நானும் கோபமாத்தான் இருக்கறேன்" என்றார். "சாப்பிடுங்க. மெல்லாதீங்க, சாறுல தொட்டு அப்படியே முழுங்கணும்."

முழுங்கினேன். தொண்டை வழியாகச் சூடு நேராக இறங்கியது. இன்னொரு உருண்டை வைத்தார். பிரின்சியின் தட்டிலும் ஒன்று வைத்தார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தவர் சொன்னார்: "அடுத்த தடவ இப்படித் திடுதிப்புன்னு ரெண்டு பேரா வராதீங்க. பெரியவங்களோட வாங்க. உக்காந்து பேசலாம்."

பஸ் தளியைத் தாண்டியதும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பிரின்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் காது முழுக்க என்னிடம்தான் இருந்தது.

"மலை ஏறினியா?" என்றார்.

"ஏறினேன். நீங்களும் ஒரு தடவை வரணும். நல்ல பட்டு வேட்டி ஒண்ணு எடுத்து வைங்க."

"மலை ஏற எதுக்குட்டி பட்டு வேட்டி?"

"மலைக்கு இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.